ஒரு செல் மட்டும் முந்துகிறது: சோலார் கேம்பர் வண்டியின் லித்தியம் பேட்டரியில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வெயில் நன்றாக அடிக்கிறது, கூரையில் பேனல் முழு வேகத்தில் மின்சாரம் தருகிறது, ஆனால் நண்பகலுக்கு முன்பே சார்ஜ் நின்றுவிடுகிறது. இரவில் ஃப்ரிட்ஜ் பாதியில் அணைந்துபோகிறது. செல்களைக் கண்காணித்து, எல்லை மீறினால் மின்சாரத்தை வெட்டும் காவல் கருவியான பிஎம்எஸ்ஸின் திரையைப் பார்த்தால் நான்கு செல்களில் ஒன்று மட்டும் மற்றவற்றை விட்டு விலகி நிற்கிறது. உடனே "அந்தச் செல் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். நான் பார்த்தவரை செல்லே கெட்டிருந்தது மிகக் குறைவு. நட்டு தளர்ந்திருக்கும், செல்லின் வோல்டேஜைப் பிஎம்எஸ் அளவெடுக்கும் வயர் சரியாகப் பிடித்திருக்காது, இல்லையென்றால் பேட்டரி பல வாரங்களாக ஒருமுறைகூட முழுதாக நிரம்பியிருக்காது.

கீழே சொல்வது எல்லாம் கேம்பர் வண்டிகளில் அதிகம் பயன்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு, நான்கு செல்களைத் தொடராக இணைத்த 12.8 வோல்ட் பேட்டரிக்கு. வேறு லித்தியம் வகைகளுக்கு இந்த எண்கள் பொருந்தாது.

தொடுவதற்கு முன்

மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எதுவாக இருந்தாலும் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்பேனரின் கைப்பிடி முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். 12 வோல்ட் உங்களுக்கு ஷாக் அடிக்காது. ஆனால் ஸ்பேனர் இரண்டு முனைகளின் மேல் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், இரும்பு உருகித் தெறிக்கும். கழற்றும்போது முதலில் பேனலை, பிறகு பேட்டரியை. மாட்டும்போது முதலில் பேட்டரியை, பிறகு பேனலை. இந்த வரிசை மாறினால், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருந்து சார்ஜை நடத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் பேட்டரியே இல்லாமல் பேனலோடு தனியாக நிற்கும். சில கன்ட்ரோலர்கள் அதைத் தாங்காது.

ஒரு நல்ல மல்டிமீட்டர் வேண்டும். மில்லிவோல்ட் வரை காட்டுவதாக இருக்கட்டும். பிஎம்எஸ் திரை காட்டுவதை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வரக் கூடாது. அது செல்லைப் பார்ப்பதில்லை, தன் வயரின் நுனியைத்தான் பார்க்கிறது.

நடுவில் பார்த்து ஏமாறாதீர்கள்

இந்தச் செல்லின் மேல் எல்லை 3.65 வோல்ட், கீழ் எல்லை 2.5 வோல்ட். சிக்கல் எங்கே என்றால், சார்ஜ் 20 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காடு வரை ஓய்வில் இருக்கும் செல்லின் வோல்டேஜ் ஏறக்குறைய 0.1 வோல்ட்டுக்குள்ளேயே நகர்கிறது. மேசைபோலத் தட்டையான கோடு அது. 50 விழுக்காட்டில் ஒன்றும் 60 விழுக்காட்டில் ஒன்றும் இருந்தால்கூட இரண்டும் ஒரே எண்ணைக் காட்டலாம். ஆகவே பேட்டரி பாதி நிரம்பியிருக்கும்போது "நான்கும் 3.29, அருமையாகச் சமமாக இருக்கிறது" என்று மகிழ்வதில் பொருளில்லை.

உண்மை தெரிவது இரண்டு ஓரங்களில்தான்: மேலே 3.40 வோல்ட்டைத் தாண்டிய பிறகு, கீழே 3.0 வோல்ட்டை நெருங்கும்போது. மேல் ஓரத்தில் ஒரே ஒரு விழுக்காட்டு வேறுபாடுகூட 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டும். எந்தச் சோதனை செய்தாலும், அந்த எண்ணை எந்த இடத்தில் எடுத்தீர்கள், அப்போது எவ்வளவு மின்னோட்டம் போய்க்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

அறிகுறி: சார்ஜ் பாதியில் நிற்கிறது, ஒரு செல் உச்சியில், மற்ற மூன்றும் கீழே

திரையில் 3.65, 3.42, 3.41, 3.40 என்று தெரியும். மொத்தம் 13.88 வோல்ட். கன்ட்ரோலர் 14.2 வரை போக நினைக்கிறது, பிஎம்எஸ்ஸோ ஒரு செல் எல்லையைத் தொட்டதும் கதவை மூடிவிடுகிறது. கேம்பரில் மிக அதிகம் வரும் புகார் இதுதான், இதற்குக் காரணமும் கேம்பர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. மேகம், மர நிழல், நாள் முழுக்க ஓடும் ஃப்ரிட்ஜ் என்று பேட்டரி நாள்கணக்கில் 40 விழுக்காட்டுக்கும் 85க்கும் இடையிலேயே ஊசலாடுகிறது. பிஎம்எஸ் செல்களைச் சமன்செய்வதோ, அதாவது முந்தும் செல்லிலிருந்து கொஞ்சம் இறக்கி மற்றவற்றோடு ஒன்றாக்குவதோ, உச்சியில் மட்டும். உச்சிக்கே போகாத பேட்டரியில் அது எப்படி வேலை செய்யும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 280 ஆம்பியர்-மணி செல்லில் 2 விழுக்காட்டு வேறுபாடு என்றால் 5.6 ஆம்பியர்-மணி. சாதாரண பிஎம்எஸ் ஒரு சிறு ரெசிஸ்டர் வழியாக 100 மில்லிஆம்பியர் அளவில்தான் கசிய விடும். அதாவது 56 மணி நேரம். ஒரு நாளில் பேட்டரி உச்சியில் நிற்பது இரண்டு மணி நேரம் என்று வைத்தால், 28 நாள் தொடர்ந்து நல்ல வெயில் வேண்டும். "பிஎம்எஸ் சமன்செய்யவே மாட்டேன் என்கிறது" என்று பலர் வருந்துவது இதனால்தான். அது செய்துகொண்டுதான் இருக்கிறது. நாம்தான் அதற்கு நேரம் கொடுப்பதில்லை.

வேறுபாடு சிறியது என்றால் கன்ட்ரோலரின் உச்ச வோல்டேஜை 13.8க்கு இறக்குங்கள், அதாவது செல்லுக்கு 3.45. அந்த நிலையில் நிற்கும் நேரத்தை முடிந்த அளவு நீட்டுங்கள். முந்தும் செல் எல்லையைத் தொடாது, பிஎம்எஸ் வெட்டாது, கசிவு வேலை தொடர்ந்து நடக்கும். சில நாள்களில் இடைவெளி சுருங்கியதும் 14.0, பிறகு 14.2 என்று படிப்படியாக ஏற்றுங்கள்.

வேறுபாடு பெரியது என்றால் கையால் உதவலாம். மூன்று ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் மேலே என்றால், அந்த ஒன்றிலிருந்து இறக்குங்கள். 1 ஓம், 25 வாட் ரெசிஸ்டரை அந்தச் செல்லின் இரு முனைகளில் இணைத்தால் சுமார் 3.4 ஆம்பியர் இழுக்கும். கை வைக்க முடியாத அளவு சூடாகும் என்பதால் அதை ஒரு உலோகத் தகட்டில் பொருத்துங்கள், வண்டியின் மரப்பலகைமேல் வைக்காதீர்கள். ரெசிஸ்டர் கிடைக்கவில்லையா? 12 வோல்ட், 21 வாட் வாகன பல்பு ஒன்றைப் பயன்படுத்தலாம். ஒற்றைச் செல்லில் அது மங்கலாகத்தான் எரியும், ஆம்பியரும் 1க்குக் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் பொறுமையாக வேலை செய்யும். அரை மணி இறக்குங்கள், எடுத்துவிட்டு மறுபடி சார்ஜ் செய்து பாருங்கள். மாட்டிவிட்டுத் தூங்கப் போய்விடாதீர்கள்.

மூன்று மேலே, ஒன்று மட்டும் கீழே என்றால் மூன்றையும் இறக்குவது வீண் வேலை. 3.65 வோல்ட்டைத் தாண்டாத ஒற்றைச் செல் சார்ஜரால் அந்த ஒன்றை மட்டும் ஏற்றுங்கள்.

அறிகுறி: சமன்செய்தும் பலனில்லை, அதே செல் திரும்பத் திரும்ப விலகுகிறது

இங்கே மூன்று நோய்கள் ஒரே முகத்தோடு வரும். பிரித்துப் பார்க்க ஒரு முழுச் சுற்று தேவை. முதலில் உச்சிவரை ஏற்றி, யார் முதலில் 3.60ஐத் தொடுகிறார் என்று குறியுங்கள். பிறகு ஃப்ரிட்ஜ், விளக்கு எல்லாம் போட்டு இறக்கி, யார் முதலில் 3.0க்கு வருகிறார் என்று குறியுங்கள்.

மேலே முந்தியது ஒரு செல், கீழே முந்தியது வேறொரு செல் என்றால் அது வெறும் சமநிலைக் குறை. செல்கள் நலமாகவே இருக்கின்றன. மேலேயும் கீழேயும் அதே செல்தான் முந்துகிறது என்றால் அதன் கொள்ளளவு மற்றவற்றைவிடச் சிறியது. சிறிய குடம் சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும். அதை எவ்வளவு சமன்செய்தாலும் பெரிதாக்க முடியாது. மொத்தப் பேட்டரியின் கொள்ளளவு அந்தச் செல்லின் கொள்ளளவுதான் என்று ஏற்றுக்கொண்டு ஓட்டலாம், அல்லது அந்த ஒன்றை மாற்றலாம்.

மூன்றாவது, தானாகக் கசியும் செல். நான்கையும் உச்சியில் சமன்செய்து, பிஎம்எஸ் வயர்களையும் கழற்றிவிட்டு இரண்டு வாரம் சும்மா விடுங்கள். பிறகு மறுபடி மாட்டி உச்சிக்கு ஏற்றிப் பாருங்கள். ஒன்று மட்டும் தெளிவாகப் பின்தங்கினால் அது உள்ளேயே தன்னைத் தின்றுகொண்டிருக்கிறது. அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அறிகுறி: அடுத்தடுத்த இரண்டு செல்கள், ஒன்று அதிகம், ஒன்று குறைவு

இரண்டாவது செல் 3.52, மூன்றாவது 3.28, ஒன்றும் நான்கும் 3.40. பார்க்கும்போதே பதறும். ஆனால் கூட்டிப் பாருங்கள்: 3.52 உம் 3.28 உம் 6.80, அதாவது இரண்டு 3.40. மொத்தம் சரியாக இருந்து அக்கம்பக்கத்துச் செல்கள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகினால், அவை இரண்டுக்கும் பொதுவான அளவெடுக்கும் வயர்தான் குற்றவாளி. அதன் முனை துருப்பிடித்திருக்கும், வயரின் நுனியை நசுக்கிப் பிடிக்கும் க்ரிம்ப் தளர்ந்திருக்கும், அல்லது சாக்கெட்டில் ஊசி உள்ளே போய்விட்டிருக்கும். மல்டிமீட்டரை நேரடியாகச் செல்லின் முனையிலேயே வைத்துப் பாருங்கள். அங்கே 3.40 என்றால் செல்லுக்கு ஒன்றுமில்லை.

இதை உடனே சரிசெய்யுங்கள். பிஎம்எஸ் அந்தப் பொய் எண்ணை நம்பி நல்ல செல்லிலிருந்து இறக்கிக்கொண்டே இருக்கும். சில வாரத்தில் பொய்யே உண்மையாகிவிடும்.

அறிகுறி: லோடு போட்டால் மட்டும் ஒரு செல் சரிகிறது

ஓய்வில் நான்கும் ஒன்று. மின்சாரக் கெட்டிலையோ இண்டக்‌ஷன் அடுப்பையோ போட்டதும் ஒன்று மட்டும் 3.05க்கு விழுகிறது. சார்ஜ் செய்யும்போது அதே செல் மற்றவற்றைவிட மேலே தெரிகிறது. மின்னோட்டம் நின்றதும் எல்லாம் பழையபடி. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எங்கோ தடை இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும், செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பார் உட்காரும் இடத்தில்.

நான் இதில் இரண்டு வாரம் இழந்தேன். மூன்றாவது செல் கெட்டுவிட்டது என்று உறுதியாக நம்பி, புதுச் செல் வாங்கும் முன் ஒருமுறை பார்ப்போமே என்று மூன்றாவதையும் முதலாவதையும் இடம் மாற்றி வைத்தேன். நட்டுகளைப் பழைய இடங்களிலேயே போட்டேன். சரிவு மூன்றாம் இடத்திலேயே நின்றது. செல் மாறிவிட்டது, குறை மாறவில்லை. அந்த இடத்து நட்டு, செல்லின் முனையில் நிற்கும் மரைத் தண்டான ஸ்டட்டின் அடிவரை போகாமல் பாதியிலேயே முட்டி நின்றிருந்தது. கைக்கு இறுக்கமாகத் தெரிந்தது, பஸ்பாரை மட்டும் அழுத்தவில்லை. அதிலிருந்து சந்தேகம் வந்தால் முதலில் இடம் மாற்றித்தான் பார்க்கிறேன்: குறை செல்லோடு நகர்ந்தால் செல், இடத்தோடு நின்றால் இணைப்பு.

இடம் மாற்றாமலும் கண்டுபிடிக்கலாம். நல்ல லோடு ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைச் செல்லின் டெர்மினலிலும், மறுமுனையை அதன்மேல் உட்காரும் பஸ்பாரிலும் வையுங்கள். 100 ஆம்பியர் ஓடும்போது 50 மில்லிவோல்ட் காட்டினால் அந்த ஒரே இணைப்பில் 5 வாட் சூடாக வீணாகிறது. நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்காது. எல்லா இணைப்பையும் அளந்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கள். வேறுபட்டு நிற்பதுதான் நீங்கள் தேடுவது.

சுத்தம் செய்யும் முறை: அலுமினியம் காற்றுப் பட்டதுமே மெல்லிய ஆக்சைடு படலம் கட்டிக்கொள்ளும், அது மின்சாரத்தைத் தடுக்கும். டெர்மினலையும் பஸ்பாரின் அடிப்பகுதியையும் நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள், ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள், உடனே இதற்கென்றே உள்ள ஆக்சைடு தடுப்புப் பசையை மிக மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள். இறுக்கத்துக்குச் செல் தயாரிப்பாளர் சொல்லும் டார்க் (திருகு விசை) அளவைப் பின்பற்றுங்கள். அலுமினியத்தில் உள்ள மரை மென்மையானது, வேகத்தில் திருகினால் உருவிக்கொள்ளும். வண்டி ஓடி அதிர்வதால் முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் ஒருமுறை எல்லா நட்டையும் சரிபார்ப்பது நல்லது. வளையாத பஸ்பாரைவிட, அதிர்வை உள்வாங்கும் பின்னல் பட்டையோ வளைவு வைத்த பஸ்பாரோ கேம்பருக்கு ஏற்றது.

அறிகுறி: ஆக்டிவ் பேலன்சர் போட்ட பிறகு நிலைமை மோசமானது

ஆக்டிவ் பேலன்சர் நல்ல கருவிதான். 1 முதல் 5 ஆம்பியர் வரை ஒரு செல்லிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்கும். ஆனால் அது வோல்டேஜை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறது. தட்டையான நடுப்பகுதியில், லோடின்போது ஒரு செல் 10 மில்லிவோல்ட் குறைந்தால் "இது காலி" என்று நினைத்து நிரப்பத் தொடங்கும். இரவு முழுவதும் இப்படி நடந்தால் காலையில் உச்சியில் பெரிய இடைவெளி நிற்கும். தொடக்க வோல்டேஜை 3.40 அல்லது அதற்குமேல் வையுங்கள். அப்படி அமைக்க வழியில்லாத கருவி என்றால் ஒரு ஸ்விட்ச் போட்டு, உச்சியில் இருக்கும்போது மட்டும் இயக்குங்கள்.

மேலே ஒருமுறை முழுதாகச் சமன்செய்வது

புதுச் செல்களைச் சேர்க்கும்போதும், மேலே சொன்னது எதிலும் தீராதபோதும் இதைச் செய்ய வேண்டும். முதலில் செல்களைத் தொடராகவே, பிஎம்எஸ்ஸோடு, ஏதாவது ஒன்று எல்லையைத் தொட்டு வெட்டும்வரை ஏற்றுங்கள். இந்தப் படியைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். நான்கு 280 ஆம்பியர்-மணிச் செல்களைப் பக்கவாட்டில் இணைத்தால் 1120 ஆம்பியர்-மணி. 10 ஆம்பியர் பவர் சப்ளையால் காலியிலிருந்து நிரப்ப நான்கரை நாளுக்கு மேல் ஆகும்.

வெட்டியதும் பிஎம்எஸ்ஸைக் கழற்றி, நான்கு பாசிட்டிவையும் ஒன்றாக, நான்கு நெகட்டிவையும் ஒன்றாக இணையுங்கள். செல்களைத் திருப்பி வைக்கும்போது இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்று தலைகீழாக இருந்தாலும் விபத்து. பவர் சப்ளையை எதோடும் இணைக்காமல், மல்டிமீட்டரால் அளந்து 3.60 வோல்ட்டில் வையுங்கள், அப்புறம் இணையுங்கள். இணைத்த பின் அந்தக் குமிழைத் தொடக் கூடாது. சப்ளை 3.4 என்று காட்டும், ஆம்பியரும் குறைவாகத்தான் போகும், "கொஞ்சம் ஏற்றினால் சீக்கிரம் முடியுமே" என்று கை அரிக்கும். அப்படி ஏற்றிவிட்டு மறந்து, நான்கு செல்லையும் சேர்த்துப் பாழாக்கியவர்கள் உண்டு. மின்னோட்டம் ஓரிரு ஆம்பியருக்குக் கீழே இறங்கியதும் நிறுத்துங்கள். பிரித்த பிறகு வோல்டேஜ் சற்று இறங்கி நிற்பது இயல்பு.

வண்டியில் மாட்டியதும் கன்ட்ரோலரில் உச்சம் 14.2, ஃப்ளோட் (நிரம்பிய பின் பிடித்து வைக்கும் வோல்டேஜ்) 13.5, ஈக்வலைஸ் முழுதாக அணைப்பு, வெப்பநிலை ஈடு பூஜ்யம். கடைசி இரண்டும் ஈய பேட்டரிக்கானவை. பழைய அமைப்பில் அவை ஓடிக்கொண்டே இருந்தால் நீங்கள் செய்த வேலை எல்லாம் வீண். பிஎம்எஸ் வெட்டுவது கடைசிக் காவல்தான், தினமும் சார்ஜை நிறுத்த வேண்டியது கன்ட்ரோலர்.

அறிகுறி: 40 விழுக்காடு என்று காட்டிக்கொண்டிருந்தது, திடீரென்று எல்லாம் அணைந்தது

விழுக்காடு என்பது அளவு அல்ல, கணக்கு. போனது, வந்தது என்று ஆம்பியரை எண்ணி வைக்கும் கணக்கில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். பேட்டரி முழுதாக நிரம்பும்போதுதான் அது 100க்குத் திரும்பித் தன்னைத் திருத்திக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது முழுதாக நிரப்புங்கள். அப்படியும் தவறினால், ஆம்பியரை அளக்கும் ஷன்ட்டைத் தாண்டி நேராகப் பேட்டரி நெகட்டிவில் ஏதாவது வயர் மாட்டப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். அந்த வயரில் போவது கணக்கிலேயே வராது.

அறிகுறி: இன்வெர்ட்டரைப் போட்டதும் வண்டியே இருண்டுவிடுகிறது

போட்ட நொடியிலேயே என்றால், இன்வெர்ட்டரின் கப்பாசிட்டர்கள் நிரம்ப ஒரே இழுப்பாக இழுப்பதை ஷார்ட் என்று பிஎம்எஸ் நினைக்கிறது. ஒரு ரெசிஸ்டர் வழியாக ஓரிரு நொடி முன்னதாக நிரப்பிவிட்டுப் பிறகு முதன்மை ஸ்விட்சைப் போடுங்கள். லோடு ஏற்றிய பிறகு என்றால் கணக்கைப் பாருங்கள்: 1500 வாட்டை 12.8ஆல் வகுத்து, இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 130 ஆம்பியர். 100 ஆம்பியர் பிஎம்எஸ் வெட்டத்தான் செய்யும், அது அதன் கடமை.

அறிகுறி: குளிர்ந்த காலையில் பேனல் வேலை செய்கிறது, சார்ஜ் ஏறவில்லை

செல்லின் உடல் 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் நல்ல பிஎம்எஸ் சார்ஜை மறுக்கும். மறுக்கட்டும். அந்தக் குளிரில் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், அந்தச் சேதம் திரும்பாது. வெளியே காற்று சூடான பிறகும் செல்கள் பல மணி நேரம் குளிர்ந்தே இருக்கும், எனவே சென்சார் செல்லின் உடலில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: செல் உப்புகிறது, அல்லது இனிப்பான கரைப்பான் வாடை

எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பக்கவாட்டில் லேசான வளைவு பெரிய செல்களில் வரக்கூடியதுதான், அளவாக அணைத்துப் பிடித்தால் போதும். வாடை, கசிவு, பானை போன்ற உப்பல் எது வந்தாலும் அந்தச் செல் நீங்கள் தூங்கும் இடத்தில் ஒரு இரவுகூட இருக்கக் கூடாது. இறுக்கி அமுக்கி மறுபடி பயன்படுத்த முயலாதீர்கள்.

அறிகுறி: மாதக்கணக்கில் நிறுத்தியிருந்த வண்டி, பேட்டரி செத்துக் கிடக்கிறது

பிஎம்எஸ்ஸும் புளூடூத்தும் சேர்ந்து 20 மில்லிஆம்பியர் தின்றாலே மாதத்துக்கு 14.4 ஆம்பியர்-மணி போய்விடும். செல்கள் 2.5க்குச் சற்றுக் கீழே இருந்தால், கொள்ளளவில் இருபதில் ஒரு பங்கு ஆம்பியரில் மெதுவாக ஏற்றி, 3.0 தாண்டும்வரை பக்கத்திலேயே இருங்கள். சூடானால் நிறுத்துங்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்த செல்லை எழுப்ப வேண்டாம். உள்ளே இருக்கும் தாமிரத் தகடு கரைந்து, ஏற்றும்போது மறுபடி படிந்து, உள்ஷார்ட்டாக மாறலாம்.

அடுத்த முறை நிறுத்தும்போது பாதி அளவில் வைத்து, முதலில் பேனலைக் கழற்றி, பிறகு பிஎம்எஸ்ஸுக்கும் மற்ற வயரிங்குக்கும் நடுவில் உள்ள முதன்மை ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போங்கள். பிஎம்எஸ் தின்பது அப்போதும் தொடரும் என்பதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து பாருங்கள். திரும்பி வந்த முதல் வெயில் நாளில் வேறு எந்த லோடும் போடாமல் உச்சியில் நிறுத்தி, நான்கு எண்களையும் தேதியோடு வண்டியின் நோட்டில் எழுதுங்கள்.